ஏலத்தில் எடுத்த வண்டி யாருடையது?



மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வாகனங்கள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பொது ஏலத்தில் விடப்படும் என்னும் அறிவிப்பை நாளிதழ்களில் அவ்வப்போது கண்டிருப்பீர்கள். மலிவாக ஒரு வண்டி வாய்க்குமா என்று ஆசை பிறப்பது இயல்பே, அது தவறன்று. பணத்தைக் கட்டி, வண்டியை வாசலில் நிறுத்தியதோடு காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதே தவறு.

ஏனெனில், அரசுப் பதிவேட்டில் அப்போதும் பழைய உரிமையாளரின் பெயரே இருக்கும். நாம் சாலை விதியை மீறினால் அபராதச் சீட்டு அவர் வீட்டுக்குச் செல்லும். பலர் கைமாறிச் சென்ற ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பழைய உரிமையாளர் எத்தகையவராயினும், நம் கவனக்குறைவின் சுமையை அவர் தலையில் ஏற்றுவது நியாயமாகுமா?

பெயர் மாற்றத்துக்கான வழி எளியதே. சாதாரண விற்பனைக்கு 29, 30ஆம் படிவங்கள். அவற்றில் விற்பவரின் கையொப்பம் வேண்டும். அரசு ஏலத்துக்கோ தனியாக 32ஆம் படிவம் உண்டு. வண்டியை இழந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57ஆம் விதி இதனைக் கூறுகிறது. வண்டி நம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள், நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, விற்பனையை உறுதிசெய்து ஏல அதிகாரி கையொப்பமிட்ட ஆணை, ஏலத்துக்கு அனுமதியளித்த அரசாணையின் சான்றிட்ட நகல், உரிய கட்டணம் ஆகியவை உடன் செல்ல வேண்டும். வண்டியின் எண் போலியானது என்று தெரியவந்தால், முதலில் ஏலம் விட்ட துறையின் பெயரில் புதிய எண் வழங்கி, அதன் பின்னரே நம் பெயருக்கு மாற்றுவார்கள்.

ஆகவே, ஏலம் கேட்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வண்டி ஓட்டுவதற்காக விற்கப்படுகிறதா, உடைப்பதற்காகவா? பதிவுச் சான்று இருக்கிறதா. பதிவுக் காலம் எஞ்சியுள்ளதா? என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தாள்களோடு ஒத்துள்ளனவா? விற்பனை ஆணையைக் கையில் வாங்கியதும் அந்த எண்களை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஓர் இலக்கம் பிழையானாலும் பல நாள் அலைய நேரும். காப்பீடு செய்யாமல் சாலையில் இறக்காதீர்கள்.

வங்கிகள் கடனுக்காகக் கைப்பற்றி விற்கும் வண்டிகளுக்கு நடைமுறை வேறு. அதனை வங்கியிடமே கேட்டறிந்து, கடன் பதிவு நீக்கப்படுவதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரசீது பணம் கட்டியதற்குச் சான்று. பதிவுச் சான்றே பொறுப்பை ஏற்றதற்குச் சான்று. வண்டியை விரும்பி வாங்கிய நாம் அதன் பொறுப்பையும் விரும்பி ஏற்போமாக.