எல்லாம் இருந்த நகரம்... ஒரு தேவாலயம் மட்டும் இல்லை!

போன ஞாயிறு, வீடு தேடிக்கொண்டிருக்கும் தோழியோடு புறநகரில் ஓர் அப்பார்ட்மென்ட் புராஜெக்ட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பளபள புரோஷரில் நீச்சல்குளம், ஜிம், வாக்கிங் டிராக், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் இருந்தது. ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு கோபுரப் படம்.

"பிள்ளையார் கோயில் உள்ளேயே வருது மேடம்" என்றார் சேல்ஸ் பையன்.

என் தோழி கிறிஸ்தவர். "பக்கத்துல சர்ச் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவர் போனில் மேப்பைத் திறந்தார். பெரிதாக்கினார், சிறிதாக்கினார். கடைசியில், "ஏரியா டெவலப் ஆகட்டும் மேடம்... வந்துடும்" என்றார்.

அந்த 'வந்துடும்' எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு புதிய குடியிருப்பில் பள்ளிக்கூடம் வரும், பஸ் வரும், மளிகைக்கடை வரும். ஒரு வழிபாட்டு இடமும் அப்படித் தானாக வந்துவிடுமா? இல்லை, யாராவது கொண்டுவர வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல ஒரு நகரம் இருக்கிறது. ஆனால், கொஞ்சம் தூரம். 'செங்கல் கதைகள்' பகுதியில் இந்த வாரம் நாம் போவது போலந்து!

புத்தம்புது ஊர்

போலந்தின் பழைமையான நகரங்களில் ஒன்று கிராக்கோவ். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் தேவாலயங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து, கம்யூனிச அரசு வந்த பிறகு, 1949-ல் கிராக்கோவுக்குக் கிழக்கே ஒரு பிரமாண்ட உருக்காலையையும், அதன் தொழிலாளர்களுக்காக ஒரு முழு நகரத்தையும் கட்டத் தொடங்கினார்கள். பெயர், நோவா ஹூட்டா.

பெயரில் இருக்கும் 'நோவா'வுக்கும் பைபிளில் வரும் நோவாவுக்கும் சம்பந்தமில்லை. போலந்து மொழியில் 'புதிய உருக்காலை' என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால், இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்வதற்காகத் திட்டமிடப்பட்ட ஊர் அது. நடுவில் பெரிய சதுக்கம். அதிலிருந்து விசிறி மாதிரி விரியும் அகலமான சாலைகள். வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். நடந்துபோகும் தூரத்தில் கடைகள், பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள். மருத்துவமனை, நாடக அரங்கம், பூங்காக்கள். இன்றைக்கும் நகரத் திட்டமிடல் படிப்பவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் ஊர்.

அந்த வரைபடத்தில் இல்லாத ஒன்று, தேவாலயம். இது யாரோ மறந்துபோய் விட்டதல்ல. கடவுள் தேவைப்படாத புதிய மனிதர்கள் வாழப்போகும் ஊர் இது என்பதுதான் திட்டமே.

ஆனால், அங்கே வேலைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வந்த விவசாயக் குடும்பங்கள். பிறப்பு, கல்யாணம், சாவு என எல்லாவற்றையும் தேவாலயத்தோடு சேர்த்தே வாழ்ந்த கத்தோலிக்கர்கள். மின்சாரமும் குழாயில் தண்ணீரும் வரும் வீடு கிடைத்ததில் அவர்களுக்கு சந்தோஷம்தான். உருக்காலை வேலையில் பெருமையும்தான். அதே சமயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போவது?

மொகிவா என்ற பக்கத்து கிராமத்தில் பல நூற்றாண்டுகள் பழைமையான ஒரு மடாலயம் இருந்தது. பியென்சித்சே என்ற இன்னொரு கிராமப் பகுதியில் ஒரு சிறிய ஆலயம் இருந்தது. வளர்ந்துகொண்டே போகும் ஒரு தொழில் நகரத்துக்கு இவை எப்படிப் போதும்? மழையிலும் பனியிலும் வெளியே நின்றபடி பூசை பார்த்தார்கள் மக்கள்.

முதலில் வந்தது சிலுவை

1956-ல் போலந்து அரசியலில் ஒரு மாற்றம். ஆட்சி கொஞ்சம் இறங்கிவந்தது. நோவா ஹூட்டா மக்கள் தேவாலயம் கேட்டு மனு கொடுத்தார்கள். அனுமதியும் கிடைத்தது. இடம் ஒதுக்கினார்கள். 1957-ல் அந்த இடத்தில் ஒரு மரச்சிலுவை நட்டு, மந்திரித்தார்கள். கட்டடத்தின் வடிவமைப்புக்குப் போட்டியும் நடந்தது.

அதோடு சரி. இழுத்தடித்த அரசு, பிறகு அனுமதியையே திரும்பப் பெற்றுக்கொண்டது. 'அந்த இடத்தில் பள்ளிக்கூடம் கட்டப்போகிறோம்' என்றது.

1960 ஏப்ரல் 27. சிலுவையை அகற்ற ஆட்கள் வந்தார்கள். அதை முதலில் பார்த்துத் தடுத்தவர்கள் பெண்கள். ஆலையில் ஷிஃப்ட் முடிந்ததும் ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. போலீஸ் வந்தது. கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி, கல்வீச்சு, துப்பாக்கிச்சூடு என்று இரவுவரை ஊரே போர்க்களமானது. நூற்றுக்கணக்கானவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், வேலையை இழந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அங்கே நின்றவர்கள் அரசின் எதிரிகளாக ஊருக்கு வந்தவர்கள் அல்ல. லெனின் பெயர் வைத்த உருக்காலையின் தொழிலாளர்களும், அவர்கள் குடும்பத்துப் பெண்களும்தான். யாருக்காக அந்த ஊரைக் கட்டினார்களோ, அதே மக்கள்!

தேவாலயம் கிடைக்கவில்லை. ஆனால், சிலுவை அங்கேயே நின்றது.

பனியில் ஒரு நள்ளிரவு

இந்தக் கதையில் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். கிராக்கோவின் துணை ஆயராக இருந்த கரோல் வொய்த்திவா. 1959-ல் தொடங்கி, கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியை நோவா ஹூட்டாவில் திறந்தவெளியில் நிறைவேற்ற ஆரம்பித்தார். போலந்தின் டிசம்பர் மாதக் குளிரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூரை கிடையாது, சுவர் கிடையாது. அந்தக் குளிரில் மக்கள் வந்து நின்றார்கள், வருடா வருடம்.

ஒரு பக்கம் ஜெபம், இன்னொரு பக்கம் மனு. பியென்சித்சே பங்குத்தந்தையாக வந்த யூசெஃப் கொஷெலானி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வொய்த்திவாவும் பேராயராகி, கர்தினாலாகி, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1967 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. சிலுவை நின்ற அதே இடத்தில் அல்ல, பியென்சித்சேயில். வொய்த்திவாவே மண்வெட்டி எடுத்து முதல் பள்ளத்தைத் தோண்டினார்.

20 லட்சம் கூழாங்கற்கள்

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால், அந்த நாட்டில் சிமென்ட், கம்பி, இயந்திரம் எல்லாமே அரசின் கையில். கேட்டதும் கிடைத்துவிடாது. அதனால் தேவாலயத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஆலையில் வேலை முடித்துவந்த தொழிலாளர்கள், மாணவர்கள், போலந்தின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள்.

கட்டடக் கலைஞர் வொய்சியெக் பியெத்ஷிக். சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியே, பிரான்ஸின் ரோன்ஷாம்ப் ஊரில் கட்டிய புகழ்பெற்ற தேவாலயத்தின் சாயலை இவர் வடிவமைப்பில் பார்க்கலாம். பியெத்ஷிக் வரைந்தது ஒரு கப்பல். வளைந்த சுவர்கள், மேலே கப்பலின் பாய்மரத் தண்டு மாதிரி உயர்ந்து நிற்கும் சிலுவை.

வெளிச்சுவருக்கு மேல்பூச்சு வேண்டுமே? மக்களிடம் ஒரு வேண்டுகோள் போனது: 'ஆளுக்கு சில கூழாங்கற்கள் கொண்டுவாருங்கள்.' மலை ஆறுகளிலிருந்து பொறுக்கி எடுத்த கற்கள் நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிந்தன. சுமார் 20 லட்சம் கற்கள்! ஒவ்வொன்றாகச் சுவரில் பதித்தார்கள். பணம் இல்லாதவர்கூட ஒரு கல் கொடுக்கலாம். குழந்தைகூட கொடுக்கலாம். ஒரு வீடியோவில் அந்தச் சுவரைப் பார்த்தபோது, எனக்கு அது சுவராகவே தெரியவில்லை, வருகைப்பதிவேடு மாதிரிதான் தெரிந்தது.

அடிக்கல்லுக்காக ரோமிலிருந்து ஒரு கல் வந்தது. புனித பேதுரு பேராலயத்திலிருந்து திருத்தந்தை ஆறாம் பால் அனுப்பிய பரிசு. 1969-ல் அதை நாட்டினார்கள். உள்ளே, போரில் காயம்பட்ட போலந்து வீரர்களின் உடல்களிலிருந்து எடுத்த குண்டுச் சிதறல்களை உருக்கிச் செய்த மாதா சிலை ஒன்று இருக்கிறது. நற்கருணைப் பேழையில், அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலாவிலிருந்து கொண்டுவந்த ஒரு துண்டு பதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். ஆற்றங்கரை முதல் நிலா வரை... எங்கிருந்தெல்லாம் கல் வந்திருக்கிறது பாருங்கள்!

1977 மே 15. கர்தினால் வொய்த்திவா ஆலயத்தை அர்ச்சித்தார். சிலுவை நட்டு 20 வருடங்கள். அந்த வருடம் பிறந்த குழந்தை, கல்யாணம் செய்துகொள்ளும் வயதுக்கு வந்துவிட்டது.

ஆலயத்துக்கு மக்கள் வைத்த பெயர், 'ஆர்க்கா பானா'. தமிழில், 'ஆண்டவரின் பேழை'. நோவா என்று தொடங்கும் ஊரில் கடைசியில் வந்து நின்றது ஒரு பேழை! போலந்துக்காரர்களுக்கு இந்தப் பொருத்தம் தெரியாது. தமிழில் படிக்கும் நமக்கு மட்டும் கிடைக்கும் போனஸ் இது.

கதை அங்கேயே முடியவில்லை

அடுத்த வருடமே, 1978 அக்டோபரில், வொய்த்திவா போப் ஆனார். ஆம், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்தான். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து, சாந்தோம் பேராலயத்தில் ஜெபித்தாரே, அதே போப். அன்று சாலையோரத்தில் நின்று அவருக்குக் கையசைத்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், கேட்டுப்பாருங்கள்.

போப்பாக முதன்முறை 1979-ல் தாய்நாட்டுக்கு வந்தபோது, தான் அர்ச்சித்த ஆலயத்துக்கே போக அரசு அவரை விடவில்லை. மொகிவா மடாலயம் வரைதான் அனுமதி. 1983-ல்தான் நோவா ஹூட்டாவின் குடியிருப்புகளுக்குள் வந்தார். வந்தது இன்னொரு புதிய தேவாலயத்தை அர்ச்சிக்க. மிஸ்ட்ஷெயோவித்சே என்ற பகுதியில் (பெயரை உச்சரிக்க நானும் நாலு தடவை முயற்சி செய்தேன்!), ஓர் இளம் பாதிரியார் 1970-ல் அனுமதி இல்லாமல் பச்சை வண்ணத்தில் ஒரு சின்ன கொட்டகை போட்டு, குழந்தைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தர ஆரம்பித்திருந்தார். விசாரணை, தொல்லை எல்லாவற்றையும் தாண்டி அது பெரிய ஆலயமானது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1976-லேயே இறந்துவிட்டார்.

ஆர்க்கா பானாவின் வாசல், பின்னாளில் 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கப் போராட்டங்களின் களமானது. 1982 அக்டோபர் 13-ம் தேதி, ஆலயத்துக்கு அருகே போக்தான் வ்வோசிக் என்ற 20 வயதுத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜெபிக்க ஓர் இடம் வேண்டும் என்று ஆரம்பித்த கோரிக்கை, மக்கள் கூடிப் பேசவும் ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டது.

வந்துடுமா?

இதைப் படித்துவிட்டு, 'நம்பிக்கை ஜெயித்தது, அரசு தோற்றது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோவா ஹூட்டாவைத் திட்டமிட்டவர்கள் கெட்டிக்காரர்கள். வெயில் எந்த ஜன்னலில் விழ வேண்டும், குழந்தை பள்ளிக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்றெல்லாம் யோசித்தவர்கள். அங்கே வாழப்போகிறவர்களிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததன் விலை, 20 வருடங்கள், ஒரு கலவரம், எத்தனையோ பேரின் சிறைவாசம்.

புதிய குடியிருப்புகளைக் கட்டும் எல்லோருக்குமே இது பொருந்தும். சர்ச் மட்டுமல்ல, கோயிலோ, மசூதியோ, நூலகமோ, நான்கு பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் ஒரு திண்ணையோ... மனிதர்கள் ஓர் இடத்தில் தங்குவதற்கு வீடு போதும். அந்த இடம் ஊராவதற்கு, சேர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும்.

கட்டுரையை எழுதி முடித்ததும் தோழிக்குப் போன் செய்தேன். அந்த வீட்டுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டாளாம்.

"அப்போ சர்ச்?" என்றேன்.

"மூணாவது தெருவுல ஒரு மாடி வீட்டு ஹால்ல, பதினஞ்சு குடும்பம் ஞாயித்துக்கிழமை கூடுறாங்களாம். செக்யூரிட்டி அண்ணாதான் சொன்னாரு. நாற்காலி பத்தலையாம். அடுத்த வாரம் எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

'வந்துடும்' என்று அந்த சேல்ஸ் பையன் சொன்னது முழுப்பொய் இல்லை. ரெண்டு நாற்காலியாக அது வந்துகொண்டிருக்கிறது.

அடுத்த வாரம், இன்னொரு கட்டடத்தோடு சந்திப்போம்!