பிடித்த நூலும் சிறந்த நூலும்

தமிழிற் சிறந்த நூல்கள் எவை என்று கேட்டால், நம்மவரிற் பெரும்பாலோர் தமக்குப் பிரியமான நூல்களின் ஜாபிதாவையே ஒப்புவிக்கின்றனர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெரும் பிழையென்பது நமது அபிப்பிராயம்.

ஒரு நூல் நமக்குப் பிரியமாவதற்கு அதன் குணம் மட்டுமா காரணம்? பாடஞ்சொன்ன ஆசிரியர், வாசித்த பிராயம், அப்போதிருந்த மனோநிலை ஆகிய யாவும் அதனோடு கலந்துவிடுகின்றன. இவற்றைப் பிறருக்கு எடுத்துக் கொடுத்தல் இயலாது. சிறந்த நூலோ, நம்மை அறியாதவருக்கும், நம்மோடு மாறுபட்டவருக்கும், பல தலைமுறை கழித்துப் பிறப்பவருக்கும் பயன்படுவது.

மகாமகோபாத்தியாய சாமிநாதையரின் சரித்திரமே இதற்குத் தக்க சான்று. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த அவர், அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம், தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணங்களை அடுக்கிச் சொன்னார். பல அவருடைய குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இயற்றியவை, அவருக்கு உயிரனையவை. முதலியாரோ திருப்தியடையாமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் படித்ததில்லை. அக்கேள்வியை அவமதிப்பென்றெண்ணி அவர் ஒதுங்கியிருந்தால், 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவர் கையால் வெளிவந்திருக்குமோ? ஆயினும் குருவின்பால் வைத்த அன்பு அவருக்குக் குறையவில்லை. 1933, 1934 ஆண்டுகளில் பிள்ளையவர்கள் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். பிரியத்தை விடாமலே சிறப்பை உணர்ந்தவர் அவர்.

1924-இல் ஐயரவர்கள் தலைமையேற்ற மீனாட்சி தமிழ்க் கல்லூரி சிதம்பரத்தில் இருந்தது. அதே கடலூர் ஜில்லாவைச் சேர்ந்தது அண்ணாகிராமம். அவ்வட்டாரச் சிற்றூர்களிலும் பிறவூர்களிலும் பொது நூல்நிலையங்களுக்குப் புத்தகம் தெரிந்தெடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1948-ஆம் ஆண்டு நூல்நிலையச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் ஜனங்களிடமிருந்து வசூலாகிறது. ஆகவே அவ்வலமாரி எக்கட்சிக்கும் சொந்தமன்று. நம் கட்சித் தலைவரின் பிரசங்கத் தொகுப்பு நமக்கு உயிராயிருக்கலாம். அதனைத் திறக்கப்போகும் சிறுவனின் தந்தை எதிர்க்கட்சிக்காரராயிருக்கலாம். அவரும் வரி கொடுத்தவரல்லவா?

நமக்குப் பிடித்ததை நம் பணத்தில் வாங்கி வீட்டில் வைத்துப் போற்றுவோம். ஊரார் பணத்தில் வாங்கும்போது மட்டும், "இது எனக்குப் பிடிக்குமா?" என்பதை விட்டு, "என்னோடு மாறுபட்டவனுக்கும் இது பயன்படுமா?" என்று கேட்போமாக. தேசத்தொண்டு செய்வார் கடமை அதுவே.