“ஏன் வரேல்ல?” என்பது யாருடைய கேள்வி?

கைத்தொழில் மற்றும் நிறுவன உளவியல் என்ற பாடம் வன்னிப் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்துவிட்டது. முகாமைத்துவப் பட்டங்களுக்குள் ‘நிறுவன நடத்தை’ என்ற பெயரில் வருகிறது. உளவியல் படிப்பவர்களுக்குத் தனிப் பாடமாக வருகிறது. டிப்ளோமா விளம்பரங்களில் ‘எச்.ஆர். துறையில் வேலை’ என்ற ஆசையைக் காட்டிக்கொண்டு வருகிறது. வரட்டும், நல்லது. எங்கட சண்டை பாடத்தோட இல்லை. அதை எந்தப் பக்கத்தில நிண்டு படிக்கிறம் எண்டதோடதான்.

இறுதி வருட ஆய்வுக்குப் பிள்ளைகள் எடுக்கிற தலைப்புகளைக் கேட்டுப் பாருங்கள். ‘ஆடைத் தொழிற்சாலை ஊழியர்களின் வரவின்மைக்கான காரணிகள்’, ‘ஊழியர் புரள்வில் வேலைத் திருப்தியின் தாக்கம்’, ‘ஊக்கலும் உற்பத்தித்திறனும்’. பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் திருப்பித் திருப்பி எடுக்கிறார்கள். மூன்றிலும் கேள்வி கேட்கிறவர் ஒருவர்தான்: முகாமையாளர். அவள் ஏன் இண்டைக்கு வரேல்ல? ஏன் வேலையை விட்டிட்டுப் போறாள்? இன்னும் கொஞ்சம் கூடத் தைக்க வைக்க என்ன செய்யலாம்? தைக்கிறவளுக்கும் கேள்விகள் இருக்கு. டார்கெட்டை ஆர் தீர்மானிக்கிறது? ரொய்லட்டுக்குப் போட்டு வாற நேரத்தை ஏன் எண்ணுறியள்? ஒரு நாள் லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு முழுக்க ஏன் போகுது? இவை எந்த ஆய்வின் தலைப்பிலும் வருவதில்லை. இவைக்கு ‘மாறி’ என்று பெயர் வைத்து அட்டவணைக்குள் போட இன்னும் ஒருவரும் பழகவில்லை.

வன்னியில் இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. மெனிக் பாம் முகாமில் இருந்த கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டன. அந்தக் காலத்தை ஒட்டித்தான் பெரிய ஆடைத் தொழிற்சாலைகளும் இங்கு வந்தன. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் வானவில், விடியல். வவுனியாவில் ஒமேகா லைன். மாதச் சம்பளம் என்ற ஒன்றையே காணாத வீடுகளுக்கு அவை சம்பளம் கொண்டுவந்தன. அதை மறுக்கிறவர் வன்னியில் வாழாதவர். ஆனால் அந்தத் தொழிற்சாலைகளின் வாசலுக்குள் நுழைகிற பெண், பாடப்புத்தகம் கற்பனை பண்ணி வைத்திருக்கிற ‘ஊழியர்’ அல்ல.

அவள் ஏன் வரவில்லை என்று உண்மையாகவே தெரிய வேண்டுமா? காலபோக அறுவடை தொடங்கியிருக்கும், வீட்டில வேற ஆளில்லை. காணிப் பிரச்சினைக்குப் பிரதேச செயலகம் வரச் சொல்லியிருக்கும். நுண்கடன்காரன் வாற நாளாய் இருக்கும். விசாரணைக்கு வா என்று கடிதம் வந்திருக்கும். மே 18 ஆக இருக்கும். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் வருடக் கணக்காக நீண்டது. அந்தப் பந்தலில் அம்மா இருந்தால், வீட்டுச் சமையலும் தம்பியின் பள்ளிக்கூடமும் ஆற்ர தலையில்? கம்பனியின் லீவுப் படிவத்தில் ‘அண்ணாவைத் தேடப் போறன்’ என்று எழுத ஒரு கட்டம் இல்லை. வினாக்கொத்திலும் இல்லை. அதனால் அது ‘குறைந்த நிறுவனப் பற்றுறுதி’ என்று பதியப்படுகிறது. ஒரு சமூகத்தின் காயத்தை ஒரு தனியாளின் குணக்குறைபாடாக எழுதி, அதற்குப் புள்ளியும் வாங்கிக்கொண்டு போகிறோம்.

இது தற்செயலாக நடந்த பிழையும் இல்லை. இந்தத் துறை பிறந்த விதத்தையே பாருங்கள். ஹூகோ முன்ஸ்டர்பேர்க் 1913இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘உளவியலும் கைத்தொழில் வினைத்திறனும்’ என்ற நூல் கேட்டது: வேலைக்குப் பொருத்தமான ஆளை எப்படித் தெரிவது, அந்த ஆளிடமிருந்து கூடிய பயனை எப்படி எடுப்பது? அடுத்து எல்லாரும் மனப்பாடம் செய்கிற ஹோதோர்ன் ஆய்வு. சிக்காகோவுக்குப் பக்கத்தில் இருந்த தொழிற்சாலையில் 1927இல் சில பெண் தொழிலாளர்களைத் தனி அறையில் இருத்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ‘தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே உற்பத்தியைக் கூட்டியது’ என்று விரிவுரைக் குறிப்பில் எழுதியிருப்போம். குறிப்பில் பெரும்பாலும் விடுபடுவது இது: அந்த அறையில் கதைக்கிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி இரண்டு பெண்களை 1928இல் வெளியே எடுத்து, வேறு இரண்டு பேரைப் போட்டார்கள். அலெக்ஸ் கேரி 1967இல் இந்த ஆய்வைக் கடுமையாக விமர்சித்தபோது இதையும் எடுத்துக்காட்டினார். ‘மனித உறவுகள்’ என்று பெயர் பெற்ற ஆய்வுக்குள்ளேயே வாய் காட்டினவை வெளியில.

அதே ஹோதோர்னில் 1936இல் ஒரு உளவளத்துணைத் திட்டம் தொடங்கினார்கள். ஆலோசகர்கள் தொழிற்சாலைக்குள் சுற்றித் திரிந்து தொழிலாளரின் மனக்குறையைக் கேட்பார்கள். ஆனால் எதையும் மாற்றுகிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கேட்பதுதான் வேலை; ஆள் சொல்லி ஆறிப்போக வேண்டும். இதை வாசிக்கிற வன்னிப் பிள்ளைக்கு எங்கேயோ கேட்ட கதைபோல இருக்கும். போருக்குப் பிறகு எத்தனை ‘உளசமூக’ அலுவலர்கள் வந்து எங்கட கதையைக் கேட்டுவிட்டுப் போனார்கள்! காணி வந்ததா? பிள்ளை வந்ததா? கேட்பது பெரிய விசயம்தான். கேட்ட பிறகு ஒன்றுமே மாறக்கூடாது என்ற நிபந்தனையோடு கேட்பது வேறு விசயம்.

இன்னொரு உதாரணம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. 2018 யூனில் விசுவமடுவில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னபிரிய பந்து இடமாற்றம் பெற்றுப் போனார். சனம் மாலை போட்டு, தோளில் தூக்கி, அழுது வழியனுப்பியது. தெற்கில் பலர் ‘நல்லிணக்கம்’ என்றார்கள். எங்கட முகநூலில் பலர் ‘துரோகம்’ என்றார்கள். நிறுவன நடத்தைப் பாடம் படித்தவரிடம் கேட்டால் ‘உருமாற்றத் தலைமைத்துவம்’ என்று சொல்லி, 1978இல் பேர்ன்ஸ், 1985இல் பாஸ் என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்.

மூன்று தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சனத்துக்கு வேற என்ன வேலை இருந்தது? முன்னாள் போராளிகளும் பெண்களும் அந்தத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்தார்கள். மாதம் முடிய அரச சம்பளம். சம்பளம் தருகிறவர் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிற ஒரு திணைக்களம். வெளியில் முன்னாள் போராளி என்றால் கடைக்காரனும் வேலைக்கு எடுக்கப் பயந்த காலம். அந்த இடத்தில் ஒரு அதிகாரி மரியாதையாக நடத்தினால், அந்த அன்பு உண்மையாகவே இருக்கலாம். அவரை விட்டால் கதியில்லை என்ற தங்கியிருத்தலும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒரே கண்ணீரில் கலந்து வரும். வேலை தருகிறவனே காவலும் இருக்கிற இடத்தில் ‘வேலைத் திருப்தி’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? உலகத்தின் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் இது நல்ல கேள்வி. அதைக் கேட்கக் கூடிய இடத்தில் பிறந்த நாங்கள், ஐந்து புள்ளி அளவுகோலைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

அந்த அளவுகோலையும் ஒருக்கால் பார்ப்போம். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்து வரும். மொழிபெயர்த்து, எச்.ஆர். பிரிவில் அனுமதி எடுத்து, எச்.ஆர். மூலமாகவே தாள்களைக் கொடுப்போம். சாப்பாட்டு நேரத்தில், சுப்பவைசர் பார்த்துக்கொண்டு நிற்க, ‘எனது மேற்பார்வையாளர் என்னை மதிக்கிறார்: முற்றாக உடன்படுகிறேன்’ என்பதில் அவள் சரி போடுவாள். போடாமல்? நாளைக்கும் அதே லைன்லதானே இருக்கவேணும். பயத்தை அளந்துவிட்டுத் ‘திருப்தி’ என்று எழுதுகிறோம். பிறகு அவளுடைய மொழி. எங்கட பெண்கள் ‘மன அழுத்தம்’ என்று சொல்வது குறைவு. ‘யோசினை கூடிப் போச்சு’ என்பார்கள், ‘உடம்பெல்லாம் உளையுது’ என்பார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளநெருக்கீட்டைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயமாகப் பார்க்கச் சொல்லிப் பல வருடமாக எழுதி வந்திருக்கிறார். வைத்தியத்துறை கேட்ட அந்தப் பாடத்தை முகாமைத்துவத்துறை இன்னும் காதில் போடவில்லை.

இனி இரண்டு எதிர்ப்பு வரும். முதலாவது: ‘வேலையே இல்லாத இடத்தில இதெல்லாம் ஆடம்பரம். இருக்கிற கம்பனியையும் கலைச்சுப் போடாதேங்கோ.’ இது பொல்லாத வாதம். ஏனென்றால் பாதி உண்மை. ஆனால் சட்டம் ஆடம்பரம் அல்ல. ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபா என்றும், 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா என்றும் நிர்ணயிக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். 40 வீதத் தொழிலாளர் சேர்ந்த சங்கத்துடன் தொழில்தருநர் பேச மறுக்கக் கூடாது என்று 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தினார்கள். இவை கொழும்புக்கு மட்டும் போட்ட சட்டங்கள் அல்ல. மாங்குளத்துக்கு இங்கால எல்லாம் செல்லுபடியாகாது எண்டு எங்கயாவது எழுதியிருக்கோ?

இரண்டாவது எதிர்ப்பு எங்கட தோழர்களிடமிருந்து வரும்: ‘இது முதலாளியின்ர விஞ்ஞானம், படிக்கவே தேவையில்லை.’ இதோடயும் நாங்கள் உடன்படேல்ல. லோரன் பாரிட்ஸ் 1960இலேயே இந்தத் துறையினரை ‘அதிகாரத்தின் சேவகர்கள்’ என்று எழுதிவிட்டார். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே துறைக்குள் இன்னொரு வழியும் இருந்தது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி 1951இல் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் எழுதிய கட்டுரையை எடுங்கள். பாம்ஃபோர்த் தானே முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவர். முன்பு சிறு குழுவாகத் தாங்களே பங்கிட்டுச் செய்த வேலையை, புதிய இயந்திர முறை துண்டு துண்டாக உடைத்தது. சுரங்கத் தொழிலாளர் வராமல் விட்டதற்கும் நோய்வாய்ப்பட்டதற்கும் அந்த உடைப்பைத்தான் அவர்கள் காரணம் காட்டினார்கள். குறை ஆளில் இல்லை, வேலையை அடுக்கின விதத்தில் என்றார்கள். இந்த வழியில் வந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்தின் கலிக்கோ ஆலையில் நெசவாளர் குழுக்கள் தாங்களே வேலையை ஒழுங்குபடுத்துகிற முறையைச் சோதித்தார். நோர்வேயில் இதே சிந்தனை 1977இல் சட்டமாகவே வந்தது: இயந்திரத்தின் வேகத்துக்கு மனிதரைக் கட்டி, சலிப்பூட்டும் ஒரே வேலையைச் செய்விப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று. நோர்வே என்றால் எங்களுக்குச் சமாதானப் பேச்சு மட்டுந்தான் ஞாபகம். இதையும் ஞாபகம் வைப்போம்.

சுரங்கத்துக்குள் இறங்கினவன் ஆய்வாளனாக வந்தபோது கேள்வி மாறியது. எங்கட வகுப்பறைகளிலும் அப்படி ஆட்கள் இருக்கினம். அக்கா கார்மென்ட்ஸில, அம்மா சி.எஸ்.டி. பண்ணையில, தான் பம்பைமடுவில வவுனியாப் பல்கலைக்கழகத்தில. அந்த வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானபோது வன்னிக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று பெருமைப்பட்டோம். பெருமை பெயர்ப்பலகையோடு நிற்கக் கூடாது. அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது அக்காவை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

ஆகவே, விரிவுரையாளர்களிடம்: தொழில் சட்டத்தையும் தொழிற்சங்கத்தையும் இந்தப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். எச்.ஆர். வழியாகச் சேர்த்த வினாக்கொத்தை மட்டும் நம்பிய ஆய்வுக்குப் புள்ளி குறையுங்கள். ஊழியரை வீட்டில், பஸ்ஸில், கோயில் வீதியில் சந்தித்துத் தமிழில் கதைத்து எழுதினால் கூட்டிக் கொடுங்கள். பெயரையும் லைனையும் மறைக்கப் பழக்குங்கள். அது அவளின் வேலை சம்பந்தப்பட்டது. கண்டுபிடித்ததைக் கம்பனிக்குக் கொடுக்கும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாணவர்களிடம்: எச்.ஆர். வேலைக்குப் போவது குற்றம் இல்லை. வீட்டில் அடுப்பு எரியவேணும். போங்கோ. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கத்தில இருந்து ‘ஏன் வரேல்ல?’ என்று கேட்கிற நாள் வரும்போது, அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவள் வரக்கூடிய மாதிரி இந்த வேலையை நாங்கள் வைத்திருக்கிறோமா? அதைக் கேட்கப் பழக்காத பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தந்தாலும், அது கம்பனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ஏஜென்சியின் வேலைதான்.