கிடார் பெட்டி வைத்த வைவா!

 

முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் பேட்ச்சின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை நாங்கள் செய்யவில்லை. ஐந்து பேரும் பணம் போட்டு ரெடிமேடாக வாங்கினோம். வைவாவில் எக்ஸ்டர்னல் சார் போர்டைத் திருப்பிப் பார்த்து, "இந்தக் கெப்பாசிட்டரை எதுக்குப்பா போட்டிருக்கீங்க?" என்றார். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மார்க் வந்துவிட்டது. போன மானம்தான் வரவில்லை!

அதே வருடம், யாரும் மார்க் போடாத ஒரு வேலையில் நான் கற்றதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் ரூம்மேட் கிடார் வாசிப்பான். செகண்ட் ஹேண்டில் ஒரு கிடார் எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் வாங்கி வந்தான். கிடாரின் ஓசையோடு எதிரொலி, கரகரப்பு எல்லாம் சேர்த்துத் தரும் பெட்டி அது. யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் ரெக்கார்டும் செய்யலாம். என் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். சொருகினோம். லைட் எரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. "மச்சி, உன் லினக்ஸ் டப்பாடா!" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

யூஎஸ்பி சாதனம் எதுவானாலும், சொருகியவுடன் தன் கம்பெனி எண், மாடல் எண், வகுப்பு எண் ஆகியவற்றைச் சொல்லும். ஆடியோ வகுப்பின் எண் 1. அப்படிச் சொன்னால் லினக்ஸில் உள்ள பொதுவான ஆடியோ டிரைவரே பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளும். எங்கள் பெட்டியோ 255 என்றது. 'என் பாஷை என் கம்பெனிக்குத்தான் தெரியும்' என்று அதற்குப் பொருள். அந்தப் பாஷை தெரிந்த டிரைவரை யாராவது எழுதினால்தான் உண்டு.

இது நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது! லைன் 6 கம்பெனியின் 'பாட்' வகை கிடார் ப்ராசஸர்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியவர் மார்க்குஸ் கிராப்னர். அந்த நிரலின் தலைப்பில் 2004 முதல் 2010 வரை என்று ஆண்டு போட்டிருக்கிறது. 2009-இல் அது லினக்ஸ் கெர்னலின் 'ஸ்டேஜிங்' பகுதியில் சேர்ந்தது. இன்னும் செப்பனிட வேண்டிய டிரைவர்களை வைக்கும் இடம் அது. வேறு பலரும் கை வைத்துத் திருத்தி, 2015-இல் வெளிவந்த 4.0 பதிப்பில்தான் அது ஆடியோ டிரைவர்களோடு சரிசமமாக உட்கார்ந்தது. ஆறு வருடம் அரைகுறை என்ற பெயரோடு இருந்ததில் வெட்கம் ஒன்றுமில்லை, பாருங்கள்!

அந்த நிரலில் என்னை நிறுத்திய ஓர் எண் உண்டு. நாம் படிப்பது 44,100 அல்லது 48,000 சாம்பிள். 'பாட் எக்ஸ்டி'க்கு எழுதியிருப்பதோ விநாடிக்கு 39,062.5! யூஎஸ்பியில் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு ஃபிரேம் என்று வைத்தால், ஒரு ஃபிரேமுக்கு 39.0625 சாம்பிள். கால் சாம்பிள், அரை சாம்பிள் அனுப்ப முடியுமா? சராசரியாக 16 ஃபிரேமுக்கு ஒரு சாம்பிள் கூடுதலாகப் போனால்தான் கணக்கு நேராகும். ஆடியோ போகும் ஐசோக்ரோனஸ் முறையில் தவறிய பாக்கெட்டை மறுபடி அனுப்பும் வழக்கமும் கிடையாது. தப்பினால் 'டப்' என்று சத்தம் வரும். டிஜிட்டல் கம்யூனிகேஷன் பாடத்தை மனப்பாடம் செய்த எனக்கு, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். லினக்ஸுக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸை ஓட்டி, கம்பெனி டிரைவரைப் போட வேண்டும். லினக்ஸின் யூஎஸ்பிமான் வசதியும் வயர்ஷார்க்கும் வயரில் போகும் ஒவ்வொரு பைட்டையும் காட்டும். இரண்டுமே இலவசம். கம்பெனியின் நிரலைக் காப்பியடிக்கவே வேண்டாம். குமிழைத் திருப்பு, எந்த பைட் மாறுகிறது பார், நோட்டில் எழுது. அவ்வளவுதான்.

"விண்டோஸில் ஓடுதே, இந்தக் கஷ்டம் எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனி நாளைக்குப் புது விண்டோஸுக்கு டிரைவர் தராமல் விட்டால், நல்ல பெட்டியும் காயலான் கடைக்குத்தான். கெர்னலுக்குள் போன டிரைவரை, கம்பெனி மறந்தாலும் யாராவது எடுத்துத் திருத்த வழி உண்டு.

எங்கள் பெட்டி பாடியதா? இல்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. வால்யூம், எதிரொலி இரண்டு குமிழுக்கும் உரிய பைட்டுகளைப் பிடித்துவிட்டோம். ஓசை இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அந்த நோட்டில் எந்த வரியைக் காட்டி எந்த சார் கேட்டாலும் பதில் சொல்வேன்.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். ஓடுகிற ரெடிமேட் போர்டுக்கு முழு மார்க், முடியாத சொந்த வேலைக்குப் பூஜ்யம் என்ற நிலை மாற வேண்டும். பாதி முடிந்த டிரைவரையும், அதன் நோட்டையும் ப்ராஜெக்ட்டாக ஏற்கும்படி நம் யூனியன் துறைத் தலைவர்களிடம் கேட்க வேண்டும். அடுத்த பேட்ச் தொடர்ந்து செய்யட்டுமே!

ஜூனியர்களே, அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஹாஸ்டலை விட்டுப் போவதற்குள் யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைத் தர ரூம்மேட்டும் சம்மதித்துவிட்டான்!

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை