முறை வேறு, பதிவு வேறு

கிடாரை மாட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடப்பதும், பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்குவதும், மத்தளக் கோலால் தந்தியைத் தட்டுவதும் கலையா, கழைக்கூத்தா என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். பட்டி கய் என்னும் ப்ளூஸ் கிடார்க் கலைஞரைப் பற்றியது அக்கேள்வி. (கழைக்கூத்தைக் கீழாக எண்ணும் பழக்கத்தோடும் நமக்கு வழக்குண்டு. அதைப் பிறிதொரு நாள் தீர்ப்போம்.)

நண்பரின் குற்றச்சாட்டு புதியதன்று. 1936இல் லூசியானாவில், வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்த பட்டி கய், 1957இல் சிகாகோ வந்தார். அங்கே அவரை ஒலிப்பதிவு செய்த செஸ் நிறுவனத்தார், மேடையில் அவர் வாசித்த வாசிப்பை இரைச்சல் என்று ஒதுக்கினர். பிறருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவே பெரிதும் பயன்படுத்தினர். அதே இரைச்சலைக் கேட்டு வளர்ந்த இங்கிலாந்து இளைஞர்கள் 1960களில் உலகப் புகழ் பெற்றது பின்கதை. கூட்டத்துள் நடக்கும் வழக்கத்தையும் அவர் தாமாகப் புனைந்துகொள்ளவில்லை. கிடார் ஸ்லிம் என்ற முன்னோர் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு அரங்கினுள் உலவியதைக் கண்டு கற்றுக்கொண்டது அது. நாம் இதைப் பாடாந்தரம் என்போம். நண்பர் வித்தை என்கிறார்.

இன்னின்ன பாட்டு என்று எழுதிவைத்துக்கொண்டு மேடையேறும் வழக்கம் பட்டி கய்க்கு இல்லை. எதிரில் இருக்கும் முகங்களைப் பார்த்தே அடுத்ததைத் தேர்கிறார். கூட்டம் பேசிக்கொண்டிருந்தால் ஒலியைக் கூட்டுவதில்லை, குறைத்துக்கொண்டே போகிறார். விரல் தந்தியைத் தொடும் ஓசை மட்டும் எஞ்சும்வரை குறைக்கிறார். பேசியவர்கள் வெட்கி அடங்குகிறார்கள். இதைக் கழைக்கூத்து என்பவர் காதைக் கொண்டுவராமல் கண்ணை மட்டும் கொண்டுவந்தவர்.

"இசைத்தட்டில் உள்ளது பிழையின்றி இருக்கிறதே, அதை அப்படியே தந்தால் என்ன?" என்றார் நண்பர். அப்படியே தருவது எப்படியிருக்கும் என்பதை வாழவந்தி நாட்டுத் திருவிழா ஒன்றில் நாம் கண்டோம். மெல்லிசைக் குழு என்று அழைத்திருந்தார்கள். வந்தவர் மூவர். தபேலாக்காரர் இல்லை, கிடார் இல்லை. ஒரு பென் டிரைவ் இருந்தது. அதிலிருந்து மைனஸ் டிராக் ஓட, பாடகர் அதன் பின்னால் ஓடினார். குழந்தைகள் ஆடத் தொடங்கிய பாட்டு, ஆட்டம் சூடு பிடித்த இடத்தில் முடிந்தது. இன்னொரு முறை அந்தச் சரணத்தைப் பாட அவரால் இயலாது. பென் டிரைவுக்குக் கண் இல்லை. நடுவே மின்சாரம் போயிற்று. மூவரும் கைகட்டி நின்றனர். சாமி புறப்பாட்டுக்கு வாசித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்த மேளக்காரப் பெரியவர் எழுந்து வந்து இருட்டில் அரைமணி நேரம் அடித்தார். ஆடும் கால்களைப் பார்த்து நடையை மாற்றினார். களைத்தவர்கள் உட்கார்ந்ததும் தணித்தார். மின்சாரம் வந்தவுடன் அவரை நிறுத்தச் சொன்னார்கள்.

இம்மலைக்கு இது அவமானம். செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியைப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஓரியா, வேறொருவனா என்று துணியுமுன்பே பாணர் கூட்டம் முழவையும் யாழையும் ஆகுளியையும் பதலையையும் எடுக்கிறது. கேட்பவன் ஒருவன், மேடை மரத்தடி. தன் பெயர் பாட்டில் வந்ததும் அவன் நாணுகிறான். அந்த நாணம் நிகழ்ச்சியின் பகுதி. அதை எந்தப் பதிவிலும் முன்கூட்டி வைக்க முடியாது.

இங்கே நண்பர் மடக்கினார்: இருபத்தொரு துறையையும் முறைப்படி பாடி முடித்ததாக அப்பாட்டே சொல்கிறதே, அது பட்டியல் ஆகாதா? நல்ல கேள்வி. ஆனால் முறை வேறு, பதிவு வேறு. ப்ளூஸுக்கும் முறை உண்டு. மூன்று சுரக்கூட்டுகள், பன்னிரண்டு தாள அளவுகள், பிறகு மீண்டும் முதலிலிருந்து. பாடுபவனுக்கும் கேட்பவனுக்கும் அது முன்பே தெரியும். தெரிந்திருப்பதால்தான் மீறும்போது இருவருக்கும் ஒரே கணத்தில் உறைக்கிறது. நம் நாகசுரக்காரர் தோடியை விரிக்கையில் ஆரோகண அவரோகணம் அவரைக் கட்டியா போடுகிறது? பதிவோ கேட்பவனை அறியாது; அவன் எழுந்து போனாலும் தன் பாட்டுக்கு ஓடும்.

அடுத்த ஆண்டாவது பக்கவாத்தியக்காரர் நால்வரை அழையுங்கள், அந்தப் பெரியவருக்கும் ஒருமணி நேரம் கொடுங்கள் என்று விழாக் குழுவினரிடம் கேட்டோம். "நாலு பேருக்குச் சாப்பாடு, வண்டிச் செலவு, கட்டுப்படி ஆகாதுங்க சார்" என்றார்கள். பாணர்கள் உண்டு உண்டு ஆடலும் இயலாது பாடலும் மறந்து கிடந்ததாக வன்பரணர் பாடிய மலையில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார்கள்.