நினைவுத் தூண் மட்டும் போதுமா?

வருஷந்தோறும் அக்டோபர் 21-ந் தேதியன்று நம் தேசமெங்கும் போலீஸ் மைதானங்களில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. துப்பாக்கிகள் தலைகீழாகத் தாழ்த்தப்படுகின்றன. கொம்பு வாத்தியம் சோக கீதம் இசைக்கிறது. கடமையில் உயிர்நீத்தோரின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அதிகாரிகள் மலர் வளையம் வைத்து வணங்குகிறார்கள். 1959-ம் வருஷம் அதே தேதியில் லடாக்கிலுள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் சீனத் துருப்புகளால் சுட்டுக் கொல்லப்பட்ட பத்துப் போலீஸாரின் ஞாபகமாக ஏற்பட்ட தினம் இது. 2018-ம் வருஷம் இதே தினத்தில் புது டில்லி சாணக்கியபுரியில் தேசியப் போலீஸ் நினைவுச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. அதன் சுவரில் அன்று 34,844 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சுதந்திரம் பெற்றது முதல் அதுவரை கடமையில் மாண்டவர்களின் தொகை அது.

இச்சடங்கு தகுந்ததே. அதைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. ஆனால் அக்டோபர் 22-ந் தேதி காலையில் அந்த வீடுகளின் கதவைத் தட்டுபவர் யார் என்பதுதான் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

வாசகர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஊர்வலத்தில் தடியடி பட்டவர்களும், பொய் வழக்கில் அலைக்கழிக்கப்பட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். போலீஸாரின் அக்கிரமங்களைக் கண்டிப்பது பொதுஜன ஊழியர்களின் கடமை. லாக்கப்பில் ஒருவன் மாண்டால் அதற்குப் பதில் கேட்கவே வேண்டும். இதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க நாம் சொல்லவில்லை. ஆயினும், இரவு வேலைக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லையே என்று வாசலில் நிற்கும் குழந்தை எந்த அக்கிரமத்துக்கும் பொறுப்பாளி அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவன் நியாயம் பேசத் தகுதி பெற்றவனாகான்.

சர்க்கார் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்வது உண்மையாகாது. கருணைத் தொகை உண்டு. குடும்ப உபகாரச் சம்பளம் உண்டு. வாரிசுக்கு உத்தியோகம் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இவை யாவும் அவசியமானவை. போதாத இடத்தில் இன்னும் அதிகம் கேட்க வேண்டியவை. ஆனால் பணம் வந்து சேர்ந்த பின்பும் அந்த வீட்டில் நடப்பது என்ன? முதல் பத்து நாள் வாசலில் இடமிராது. அதன் பின் வருவோர் குறைவர். உடன் வேலை பார்த்தவர்களுக்கோ அடுத்த பந்தோபஸ்து, அடுத்த மாற்றல். போலீஸ் குடியிருப்பில் வாழ்ந்த குடும்பமானால் என்றாவது ஒருநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்றோடு அண்டை அயலும் போய்விடுகிறது. வாரிசுச் சான்று எங்கே வாங்குவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வந்த தொகையில் மாமியாருக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு என்று சண்டை மூளுகிறது. "அப்பா எப்படிச் செத்தார்?" என்று பிள்ளை கேட்கிறான். எந்தச் சர்க்கார் உத்தரவில் இதற்குப் பதில் இருக்கிறது?

இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அங்கும் முதலில் வந்தது சடங்குதான். 1962-ல் ஜனாதிபதி கென்னெடியின் காலத்தில் மே 15-ந் தேதி போலீஸாரின் நினைவு தினமாயிற்று. அடுத்து வந்தது பணம். 1976-ல் இயற்றிய சட்டத்தின்படி, கடமையில் மாண்டவர் குடும்பத்துக்கு 50,000 டாலர் என்று ஏற்பட்டது. 1988-ல் அது ஒரு லட்சமாகவும், 2001-ல் இரண்டரை லட்சமாகவும் உயர்ந்தது. பிறகு விலைவாசியோடு சேர்ந்து ஏறி, இன்று நான்கு லட்சம் டாலருக்கு மேல் நிற்கிறது. இவ்வளவும் இருந்தும் ஒரு குறை தீரவில்லை. அக்குறையைச் சர்க்கார் தீர்க்கவில்லை. துக்கப்பட்டவர்களே தீர்க்க முன்வந்தார்கள்.

1982-ல் வாஷிங்டனில் செனட் சபைக் கட்டிடத்தை அடுத்த பூங்காவில் சுமார் 120 பேர் கூடி நினைவு வழிபாடு நடத்தினர். இரண்டே வருஷத்தில், 1984-ல், 110 அங்கத்தினர்களோடு ஒரு ஸ்தாபனம் பிறந்தது. "கன்ஸர்ன்ஸ் ஆப் போலீஸ் ஸர்வைவர்ஸ்" என்பது அதன் பெயர். உயிரிழந்த போலீஸாரின் குடும்பத்தார் தங்களுக்குத் தாங்களே துணை நிற்பது அதன் கொள்கை. இன்று அத்தேசமெங்கும் அதற்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு. அங்கத்தினர் சந்தா கிடையாது. சேருவதற்குரிய விலையை ஒவ்வொருவரும் முன்னமே செலுத்திவிட்டார்கள் என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

அவர்கள் செய்யும் வேலையின் நுட்பம் வியக்கத்தக்கது. துக்கம் ஒன்றே ஆனாலும் அதை அனுபவிக்கும் மனிதர் வேறு வேறு என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆகவே மனைவி அல்லது கணவனுக்கு ஒரு கூட்டம், பெற்றோருக்குத் தனிக் கூட்டம், உடன்பிறந்தோருக்கு வேறு, மணம் நிச்சயமாகித் தாலி ஏறாமலே துணையை இழந்தோருக்கும், பக்கத்தில் நின்று தோழன் விழுவதைக் கண்ட சக போலீஸாருக்கும் கூடத் தனித்தனிக் கூட்டங்கள். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கோடை முகாம் உண்டு. எஞ்சியிருக்கும் தாயோ தந்தையோ கூடவே செல்வார். பள்ளியில் தகப்பனில்லாதவன் என்று தனித்து நின்ற சிறுவன், அங்கே தன்னைப் போன்ற நூறு சிறுவரோடு விளையாடுகிறான். பிரிட்டனிலும் 2003-ல் இதே வகையான ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிளாஸ்கோ நகரில் 1994-ல் கொல்லப்பட்ட ஒரு போலீஸ்காரரின் மனைவி.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. இந்த ஸ்தாபனங்களின் தத்துவமெல்லாம் அவ்வளவே. "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்று அதிகாரி சொன்னால் அது உபசாரம். ஐந்து வருஷங்களுக்கு முன் புருஷனைப் பறிகொடுத்தவள் எதிரே உட்கார்ந்து, "மூன்றாம் மாதம்தான் ரொம்பக் கொடுமை, அதையும் தாண்டிவிடலாம்" என்று சொன்னால் அது சாட்சியம். எந்த ஆபீஸில் எந்தக் காகிதம் கொடுக்க வேண்டும், பிள்ளைக்கு எதைச் சொல்ல வேண்டும், மாமனாரோடு எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்பவளுக்கும் வெட்கமில்லை, சொல்பவளுக்கும் பெருமையில்லை.

நீதிமன்றத்தின் வாசலில் இத்துணையின் அவசியம் இன்னும் தெளிவாகும். 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு, அவருக்குக் காவல் நின்ற போலீஸாரும் மாண்டனர். தலைவரின் பெயரை உலகம் அறியும். அந்தப் போலீஸாரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? 1998-ல் விசேஷ நீதிமன்றத் தீர்ப்பு; 1999-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு; சிறையில் எஞ்சியிருந்தோர் 2022 நவம்பரில் விடுதலையானார்கள். அத்தீர்ப்புகளின் நியாயத்தை ஆராய்வது இங்கே நம் வேலையன்று. முப்பத்தொரு வருஷ காலம், வழக்கைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் அந்த வீடுகளில் ஆறிய புண்ணைத் திறந்திருக்கும் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறோம். அமெரிக்க ஸ்தாபனம், விசாரணை நடக்கும்போதும், கைதியின் முன்விடுதலை பற்றி யோசிக்கப்படும்போதும் குடும்பத்தாரோடு கூட நிற்பதைத் தன் வேலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

உண்மை தெரிய வேண்டுமென்ற தாகமும் இத்தகையதே. 2008 நவம்பர் 26-ந் தேதி இரவு மும்பையில் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்ட அதிகாரிகளுள் அசோக் காம்தேயும் ஒருவர். அவருடைய மனைவி வினிதா காம்தே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு அன்றிரவின் கம்பியில்லாத் தந்திப் பேச்சுப் பதிவுகளைப் பெற்று, கணவர் எவ்வாறு மாண்டார், உதவி ஏன் உரிய நேரத்தில் வரவில்லை என்று கேட்டு 2009-ல் புத்தகமே வெளியிட்டார். உயர்ந்த அதிகாரியின் மனைவிக்கே இத்தனை பிரயாசை வேண்டியிருந்தது என்றால், ஒரு சாதாரணக் கான்ஸ்டபிளின் மனைவி தனியாக என்ன செய்வாள்? முன்பே அவ்வழியில் நடந்த ஒருத்தி கை பிடித்துக்கொண்டால் அவளும் நடப்பாள்.

இம்முயற்சியில் சில அபாயங்களும் உண்டு. துக்கம் அனுபவித்த மாத்திரத்தில் ஒருவர் வைத்தியராகிவிட மாட்டார். உறக்கமின்றிச் சித்தம் கலங்கியவளை வைத்தியரிடமே அனுப்ப வேண்டும். தன் புண் ஆறாதவரைப் பிறருக்கு ஆறுதல் சொல்ல அனுப்பலாகாது. கேட்ட இரகசியம் வெளியே போகலாகாது. தற்கொலை செய்துகொண்ட போலீஸாரின் வீட்டை ஒதுக்கி வைப்பதும் தவறு. சேவையில் கண்ட கோரத்தால் மனமுடைந்து மாண்டவருக்கும் உரிமை உண்டென்று அமெரிக்காவில் 2022-ல்தான் சட்டம் வழி திறந்தது. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, இத்தகைய சங்கம் போலீஸ் இலாகாவின் கட்டளைக்கு உட்பட்டதாக இருத்தல் கூடாது. இலாகாவைப் பார்த்தே கேள்வி கேட்க வேண்டிய சமயம் வரும். அப்போது வாய் கட்டுண்டிருந்தால் சங்கத்தால் பயனில்லை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய திட்டமொன்றுமல்ல. ஒவ்வொரு ஜில்லாவிலும், குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் அறியச் செய்ய வேண்டும். சர்க்கார் கூடுவதற்கு ஓர் இடமும், வந்துபோகும் வழிச் செலவும் கொடுத்து, அத்தோடு விலகி நிற்கட்டும். சங்கத்தை நடத்துவோர் துக்கப்பட்டவர்களாகவே இருக்கட்டும். கான்ஸ்டபிளின் மனைவியும் கமிஷனரின் மனைவியும் அங்கே ஒரே பாயில் உட்காரட்டும்; சாவு பதவி பார்த்து வருவதில்லை.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் பிடிப்பவர் உடனிருக்கும்போது மலர் வளையம் வைப்பது சுலபம். படம் பிடிப்பவர் போய் ஒரு வருஷம் கழிந்த பின், உங்கள் ஊரில் அத்தகைய வீடு எதுவென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியுமானால், ஆறுதல் சொல்லப் போக வேண்டாம். அதற்கு உரியவர் வேறு. அந்த வீட்டையும் அத்தகைய இன்னொரு வீட்டையும் அறிமுகம் செய்து வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.