மூளைக் கட்டிக்கு எதிரான புதிய சிகிச்சை: 11 நோயாளிகளுக்குப் பின்னால் 30 ஆண்டு உழைப்பு

மருத்துவர்கள் சுருக்கமாக 'டிஐபிஜி' என்று அழைக்கும் மூளைக் கட்டி, பெரும்பாலும் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளைத் தாக்குகிறது. மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல் ஆகியவற்றை இயக்கும் மூளைத் தண்டில், நல்ல உயிரணுக்களோடு பின்னிப் பிணைந்து அது வளர்கிறது. எனவே அதை அறுவை சிகிச்சையால் அகற்ற முடியாது. கீமோதெரபி பலன் தருவதில்லை. கதிர்வீச்சு சில மாத அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேர்கூட ஓராண்டைத் தாண்டுவதில்லை.

இந்த வகைக் கட்டி மூளைத் தண்டிலோ முதுகுத் தண்டிலோ இருந்த 11 சிறுவர்களுக்கும் இளையோருக்கும் புதிய சிகிச்சை அளித்து, அதன் முடிவை 2024 நவம்பரில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டது அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம். 9 பேருக்கு நோயின் பாதிப்பு குறைந்தது. 4 பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு அது முற்றாக மறைந்து, முடிவு வெளியானபோது 30 மாதங்களுக்கு மேலாகியும் திரும்பவில்லை.

இந்த முடிவு ஓரிரு ஆண்டுகளில் கிடைத்ததல்ல. இதை நடத்தியவர்களில் ஒருவரான டாக்டர் கிறிஸ்டல் மெக்கால், குழந்தைகள் புற்றுநோய் நிபுணர். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் 27 ஆண்டுகள் பணியாற்றியவர். கீமோதெரபியால் அழிந்த 'டி' அணுக்கள் எப்படி மீண்டும் உருவாகின்றன என்பதே அவருடைய தொடக்க கால ஆய்வு. கழுத்துக்குக் கீழே நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சிறு வயதில் நன்கு இயங்குவதால், பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அந்த அணுக்கள் விரைவாகத் திரும்புகின்றன என்று 1995-இல் அவர் குழு காட்டியது. அன்று அதற்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே 'டி' அணுக்கள்தாம் இன்று மருந்தாகியுள்ளன. நோயாளியின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும் மரபணுவைச் சேர்த்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவதே 'கார்-டி' சிகிச்சை. சிறார் இரத்தப் புற்றுநோய்க்கு இதை அமெரிக்கா 2017-இல் அங்கீகரித்தது. ஆனால் கட்டியாக வளரும் புற்றுநோய்களில் இது எளிதில் பலிக்கவில்லை.

2016-இல் மெக்கால் ஸ்டான்போர்டுக்கு மாறினார். அங்கு நரம்பியல் மருத்துவர் மிஷெல் மோஞ்சே, இந்நோயால் இறந்த பிள்ளைகளின் பெற்றோர் தானமாகத் தந்த கட்டிகளிலிருந்து அணுக்களை வளர்த்து ஆராய்ந்து வந்தார். அந்த அணுக்களின் மேற்பரப்பில் 'ஜிடி2' என்ற பொருள் மிகுந்திருப்பதை இரு குழுக்களும் சேர்ந்து கண்டறிந்தன. மற்ற சிறார் புற்றுநோய்களுக்காக மெக்கால் குழு ஏற்கெனவே குறிவைத்திருந்த பொருள் அது.

2018-இல் எலிகளிடம் கட்டிகள் கரைந்தன. ஆனால் சில எலிகள் மூளை வீக்கத்தால் இறந்தன. குறுகிய இடமான மூளைத் தண்டில் வீக்கம் உயிரைப் பறித்துவிடும். அதனால் 2020-இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியபோது, மூளை நீரின் அழுத்தத்தைக் கண்காணித்து, தேவைப்பட்டால் வடித்தெடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். முதல் முறை இரத்தத்தின் வழியாகவும், அடுத்தடுத்த முறை நேரடியாக மூளை நீரிலும் மருந்து செலுத்தப்பட்டது.

இது பாதுகாப்பையும் மருந்தின் அளவையும் அறிவதற்கான முதல் கட்டச் சோதனை மட்டுமே. பலனடைந்தவர்களிலும் பலரை நோய் பின்னர் பறித்துக்கொண்டது. ஒரே ஒருவர் நலமாக இருப்பதை வைத்து 'குணப்படுத்திவிட்டோம்' என்று சொல்ல முடியாது. கட்டியை உடலின் எதிர்ப்பாற்றலால் தாக்க முடியும் என்பது மட்டும் முதன்முறையாகத் தெளிவாகியுள்ளது.

இதற்குப் பணம் யார் தருவது என்பதும் முக்கியம். அரிய நோய்க்கு மருந்து செய்தால் விற்பனை குறைவு, நிறுவனங்கள் தயங்குகின்றன. மெக்காலின் தொடக்க கால ஆய்வு நடந்தது அரசுப் பணத்தில். ஸ்டான்போர்ட் சோதனைக்கும் கலிபோர்னியா மாநிலத்தின் பொது நிதி உதவியது. இந்நிலையில், தேசியச் சுகாதாரக் கழகங்களின் நிதியை 2026-இல் சுமார் 40 விழுக்காடு குறைக்க டிரம்ப் நிர்வாகம் முன்மொழிந்தது. அதற்கு அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. இன்று நிறுத்தப்படும் ஓர் அடிப்படை ஆய்வின் இழப்பு, 20, 30 ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும்.

'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: எத்தனை நோயாளிகளிடம் சோதித்தார்கள்? எந்தக் கட்டச் சோதனை? எவ்வளவு காலம் கவனித்தார்கள்? அந்தப் பதில்கள் தெரியாமல், கையிலிருக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. புதிய சோதனைகள் பற்றிய ஐயங்களைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேட்பது நல்லது.